இணைக்கவா?

குழித்துறை கோர்ட்டுக்கு எதிர்மாடியில்
ரசலையன் வக்கீலின் ஆபீசு.
கீழே சிப்ஸ் கடை.
மூன்று மணிக்கு நேந்திரங்காய் எண்ணெயில் விழும்போது
மேலே எல்லா வழக்கும் மணக்கும்.

சாப்ட்வேர் போட வந்த பையன் கோயம்புத்தூர்க்காரன்.
மேடம் மேடம் என்று கூப்பிட்டான்.
முதல் ஆதாரத்தை வாசித்துக் காட்டினேன்:
ம.ஆ. 1098, மேடம் 14.
"அதென்னங்க மேடம், மேடம்?"
மாசம் என்றேன். அவன் சிரிக்கவில்லை.
தேதிக் கட்டத்தில் அப்படியே போட்டான்.
ஒரு தென்னந்தோப்புக் கிரயம்
சோழன் காலத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

825 கூட்டணும் என்று
மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டினேன்.
பி.காம். படித்ததில் இங்கே உதவியது
அந்த ஒரு கூட்டல்தான்.

இரண்டாயிரத்து நானூறு கட்டு.
ஒவ்வொன்றிலும் கட்சிக்காரர், எதிர்க்கட்சி, சர்வே நம்பர், தண்டப்பேர்.
குண்டூசியைக் கழற்றினால் தாளில் துரு வட்டம் நிற்கும்.
'முத்திரையா?' என்று கேட்கும் மிஷின்.
இல்லை என்று தட்டுவேன்.
மறுபடியும் கேட்கும்.

ஒரு வியாழக்கிழமை,
ஏசுவடியாள்.
யேசுவடியாள்.
இயேசு அடியாள்.
மலையாள லிபியில் கிடந்த ஒருத்தியை
நான் ஏசுவடியாளு என்று ஏற்றியிருந்தேன்.

தகப்பன் பேர் நாலிலும் மாசிலாமணி.
ஊர் நாலிலும் மேல்புறம்.
நாலிலும் இடது பெருவிரல்,
ரேகைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
ரப்பர் வெட்டுகிற கத்தி
எப்போதோ அங்கேயும் வெட்டியிருக்கிறது.

'நான்கு நபர்கள் ஒருவராக இருக்கலாம்.
இணைக்கவா?'

ஆம்.

நாலு பேர் ஒருத்தியானார்கள்.
வலது பக்கம் அவள் வழக்குகள்
ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கின.
கிணற்றுப் பாதைக்கு அவள் வாதி.
வக்கீல் ரசலையன்.
ஒற்றி வழக்கில் அவள் பிரதிவாதி.
வாதிக்கு வக்கீல், சிவப்பெழுத்தில், ரசலையன்.

ஒன்றில் பாதை உண்டு என்று எழுதியிருந்தோம்.
மற்றதில் அப்படியொரு பாதையே கிடையாது.
இரண்டையும் டைப் அடித்தவள் நான்,
ரெண்டு வாரம் இடைவெளியில்.
ஏசுவடியாளுக்குப் போன சம்மன்
'மேற்படி பேரில் ஆள் இல்லை' என்று திரும்பி வர,
ஒருதலையாய்த் தீர்ப்பாகியிருந்தது.

கவுனைக் கழற்றிக்கொண்டே வந்த சார்
திரையை இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் தரம்.
"பிள்ளே, இத பழையபடி ஆக்கு.
நாலு பேராட்டே கிடக்கட்டு."

ஆக்கினேன்.
பிரிக்கவா என்றுகூடக் கேட்டது அது,
என்னைவிட மரியாதையாக.

அடியில், யாரும் வாசிக்காத சாம்பல் எழுத்தில்:
11.42 இணைத்தவர்: லில்லிபுஷ்பம்.
11.58 பிரித்தவர்: லில்லிபுஷ்பம்.

பையனுக்குப் போன் போட்டேன்.
"லாக அழிக்க முடியாதுங்க மேடம்.
அதுக்குத்தானே வாங்கியிருக்கீங்க."

சாயங்காலம் நனைந்த குடையோடு ஒருத்தி வந்தாள்.
களியக்காவிளை பஸ் லேட்டு என்றாள்.
வாய்தா என்னைக்கு என்றாள்.
பேரு?
ஏசுவடியாள்.
எப்படி எழுதுவீங்க?
"எனக்கு எழுதத் தெரியாதுல்லா பிள்ளே" என்று
பெருவிரலை நீட்டினாள்.
வெள்ளைக் கோடு.

தேடும் கட்டத்தில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது.
விரல் வைக்க அதில் இடமில்லை.
சார் கோர்ட்டில்.
கீழே இரண்டாவது ஈடு காய் எண்ணெயில் விழுந்தது.

நாலையும் பிரிண்ட் போட்டேன்.
முப்பத்தியொரு பக்கம்.
டோனர் குறைவு, கடைசி நாலு தாளும் வெளிறித்தான் வந்தன.
ரப்பர் ஷீட்டு வாசம் அடிக்கிற அவள் பைக்குள்
மடக்காமல் வைக்கச் சொன்னேன்.
வேற வக்கீலிடம் காட்டுங்க என்று
சொன்னேனா, நினைத்ததோடு நிறுத்தினேனா,
அது எதிலும் பதிவாகவில்லை.

இது பதிவாகியிருக்கிறது:
4.10 அச்சிட்டவர்: லில்லிபுஷ்பம்.