அரை மணி நேரம் உட்காருங்க

மேலிருந்து வந்த படத்தில்
ஊசி போடும்போது சிரிக்கிறது ஒரு குழந்தை.
காசிமேட்டில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன்,
அப்படியொரு குழந்தையைப் பார்த்ததில்லை.

இருந்தாலும் ஒன்பது குழுக்களுக்கும் அனுப்பினேன்.
மூன்று கும்பிடும் கைகள், ஒரு ரோஜாப்பூ,
"ஐஸ் வண்டி இன்னிக்கி லேட்டு" என்று
சம்பந்தமில்லாமல் ஒரு தகவல்.

இரவு பதினொன்று நாற்பதுக்கு அந்தக் குரல் வந்தது.
இரட்டை அம்புக்குறி. பலமுறை பகிரப்பட்டது.
ஐம்பத்திரண்டு நொடி.

"ஸ்கூல்ல ஊசி போட்றாங்களாம், புள்ளைய அனுப்பாதீங்கம்மா.
எங்க தெருவுல ஒண்ணுக்குக் கை வெளங்காமப் போச்சு…"

பின்னால் ஒரு குக்கர்.
இரண்டாவது விசிலில் அவள் குரல் உடைகிறது.
எந்தத் தெரு என்று சொல்லவில்லை,
எந்த ஊர் என்றும்.
ஆனால் அந்தக் குக்கர்
எல்லார் வீட்டு அடுப்பிலும் இருக்கிறது.
என் படத்தில் குக்கர் இல்லை.

காலையில் பட்டியலில் அறுபத்து நாலு பேர்.
வந்தது பதினொன்று.
'வதந்தி, நம்பாதீர்' என்று சிவப்பு முத்திரை குத்திய
இன்னொரு படம் மேலிருந்து வந்தது.
அதையும் அனுப்பினேன்.
ஒரு குழுவில் என்னை நீக்கிவிட்டார்கள்.

சத்துணவுக் கூடத்து பெஞ்சில்
கனிஷ்காவும் அவள் அம்மா வினோதினியும்
அரை மணி நேரம் உட்கார வேண்டும்.
கேட்டுக்கொண்டுதான் போனைப் பக்கத்தில் வைத்தேன்.
பதிவாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அழுகை. பதினாறு நொடி.
பிறகு மின்விசிறியின் டக் டக்.
பிறகு, "பிஸ்கட் எங்கம்மா?"
பிறகு வினோதினி, தாழ்ந்த குரலில்:
"சிஸ்டர், கை வெளங்காமப் போயிடுமா?"

புஷ்பகாந்தி சிஸ்டர் சிரிக்கவில்லை. வதந்தி என்று சொல்லவில்லை.
"வலிக்கும். ரெண்டு நாள் தூக்க முடியாத மாதிரி இருக்கும்.
நைட்டு காச்சல் வரலாம்.
பத்து லட்சத்துல யாரோ ஒருத்தருக்குப் பெருசா அலர்ஜி ஆகும்,
அதுக்குத்தான் இந்த அரை மணி,
அதுக்குத்தான் பாரு, அந்த ட்ரேல மருந்து.
தட்டம்மை வந்தா இவ்ளோ சொல்லிட்டு வராதும்மா."

அதற்குப் பிறகு பத்தொன்பது நிமிடம் எதுவும் நடக்கவில்லை.
எதுவும் நடக்காததை
எப்படி அனுப்புவது?

இரவு உட்கார்ந்து வெட்டினேன்.
அழுகையை எடுத்துவிடலாமென்று விரல் போனது.
எடுத்தால் இதுவும் அந்தச் சிரிக்கும் படம்தான்.
விட்டுவிட்டேன்.

மறுநாள் வினோதினியே குரல் அனுப்பினாள்:
"நைட்டு நூத்தியொண்ணு இருந்திச்சு மேடம்.
மாத்திரை குடுத்தேன். கைய தொட உடல.
இப்ப தெருவுல நிக்கிறா, கூப்ட்டா வரமாட்டேன்றா."
பின்னால்,
சத்தியமாக நான் வைக்கச் சொல்லவில்லை,
ஒரு குக்கர்.

இரண்டையும் சேர்த்து அனுப்பினேன்.
அடுத்த முகாமுக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள்.
அறுபத்து நாலு இல்லை.
மற்ற வாசல்களுக்கு நடந்துதான் போக வேண்டும்.

ஆனால் அந்த முதல் குரல் என்னை விடவில்லை.
அழுதவள் நடிக்கவில்லை.
எங்கோ ஒரு குழந்தை
கையைத் தூக்காமல் இருந்திருக்க வேண்டும்.
எந்தக் குழந்தை, எத்தனை நாள், யார் போய்ப் பார்த்தார்கள்?

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனேன்.
செரியன் நகரில் ஒரு டெய்லர்,
எண்ணூரில் அவர் கொழுந்தியாள்,
அவளுக்கு அனுப்பிய ஆட்டோக்காரர்.
கடைசியில் மணலியில் ஒரு நம்பர்,
முகப்புப் படத்தில் வெறும் சாமந்திப்பூ.

எழுதினேன்:
'எந்தத் தெரு, சொல்லுங்கம்மா.
நாங்க வந்து கையப் பாக்குறோம்.'

நாலு நாளாகிறது.
இன்னும்
ஒற்றை டிக்.