ஏழாம் படலம்

செகெட் நகரம். பிப்ரவரி. இரவு இரண்டே கால்.
திசா ஆற்றங்கரையில் உப்புத் தூவும் லாரி போனால்
எங்கள் கண்ணாடிகளுக்குத் தெரிந்துவிடும்;
ஒளிப்புள்ளி மயிரிழை நகர்ந்து திரும்பும்.
போர்பாலா லாரியைத் திட்டுவாள்,
பிறகுதான் திருகைத் தொடுவாள்.

என் வேலை காற்றை வெளியேற்றுவது.
நாங்கள் பெற நினைக்கும் ஒளி நோஞ்சான்.
ஒரு மூச்சு பட்டால் போதும், செத்துவிடும்.

சொன்னால் எளிது:
லேசர் வருகிறது. ஹீலியம் சீறுகிறது.
அலை, அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி எறிகிறது;
புரண்டு திரும்பும்போது
அதே அலை அதைப் பிடித்து
வீட்டுச் சுவரிலேயே அறைகிறது.
தெறிக்கும் பொறிதான் எக்ஸ் கதிர்.
எவ்வளவு நேரம்?
இமைப்பொழுது என்று வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன்.
அந்தப் பொறி ஒரு நொடி நின்றால்
அதே கணக்கில்
ஓர் இமைப்பு, மூன்று கோடி வருஷம்.

பதினோராம் இரவு
கேமராவில் வெள்ளை பூத்தது.
கெர்கே எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.
கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்திருந்த
பாதாமிப் பழச் சாராயத்தைக்
காகிதக் கோப்பைகளில் ஊற்றினான்.
தெப்ரெத்செனில் தூங்கிய மனைவியை எழுப்பி
"வந்துவிட்டது, வந்துவிட்டது" என்றான்.
நானும் குடித்தேன். தொண்டை எரிந்தது.

போர்பாலா குடிக்கவில்லை.
நடந்துபோய் ஹீலியம் வால்வை மூடினாள்.

வெள்ளை அப்படியே இருந்தது.

வாயுவே இல்லாமல் பிறந்த பிள்ளை!
கெர்கே கோப்பையை மெல்லக் கீழே வைத்தான்.
லேசரை மறித்து எக்ஸ் கதிரை மட்டும் விடவேண்டிய
அலுமினியப் படலத்தில்
(தலைமயிரை நானூறாகச் சீவினால் வரும் ஒரு சீவல் அது)
ஊசிமுனை ஓட்டை.
நாங்கள் கொண்டாடியது
தினமும் பார்க்கிற பழைய சிவப்பின் கசிவை.

ஆறாவது படலம் அது.
கலத்தைத் திறந்தேன். ஏழாவதை மாட்டினேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
மீண்டும் காற்றிறைக்க ஐந்து மணி நேரம்.
பம்ப் உறுமியது. யாரும் பேசவில்லை.
விழுந்த நாற்காலியை யாரும் நிமிர்த்தவில்லை.

விடிந்தபின் வந்தது.
அழுக்குத் துணியில் பால் சிந்தியதுபோல,
நம்ப முடியாத மங்கல்.
போர்பாலா வால்வை மூடினாள். இருட்டு.
திறந்தாள். மங்கல்.
மூடினாள். இருட்டு.
இருட்டைப் பார்த்து அவள் சிரித்ததை
அன்றுதான் பார்த்தேன்.

நிறமாலையில் ஓரிடத்தில் மட்டும்
படிக்கட்டு இடிந்ததுபோல ஒரு சரிவு.
கரி, என்றாள்.
தண்ணீர் ஜன்னலாகிற இந்த ஒளிக்குக்
கரி சுவர்.
மாதிரி எதுவும் வைக்கவில்லையே என்றான் கெர்கே.

கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப்பிசுக்கு.
எங்களில் யாரோ ஒருவரின் விரல்.
இவ்வளவு பாடுபட்டுப் பிறந்த ஒளி
முதலில் கண்டது அதைத்தான்.

கெர்கே போனை எடுத்தான்,
பார்த்தான்,
பையிலேயே போட்டுக்கொண்டான்.
நான் என் கைகளை முகர்ந்தேன்.
இன்னும் பாதாமி வாசனை.