ஒன்பது நாள்

"போர் முடிந்தது" என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
பேனா மூடியைக் கழற்றியபடி கேட்டார்
பிரதமர் ஓடெட் ப்ரூசார்:
"மழையா இது, தானாக முடிய?
தொடங்கியபோது எங்கள் எல்லோருக்கும் பெயர் இருந்ததே."
அடித்துவிட்டு மேலே எழுதினார்:
முடிக்கிறேன்.

பதினாறு ஆண்டாகப் பிறர் பேச்சை எழுதிப் பிழைப்பவன் நான்.
எழுவாயை ஒளித்துவைப்பதற்குத்தான் சம்பளம்.

ஆட்டவாவில் கால்வாய் உறையத் தொடங்கிய வாரம்.
மேசையைச் சுற்றி ஏழு பேர், ஆறிப்போன காப்பி.
வசந்தம் வரட்டும் என்றார் பாதுகாப்பு அமைச்சர்,
தேர்தல் என்ற சொல்லைக் கோட்டுப்பையிலேயே வைத்துக்கொண்டு.
"ஆறே மாதம். கௌரவமாக வெளியேறலாம்."
"மாதத்துக்கு எத்தனை பேர்?"
தளபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"சராசரி மூன்று, மேடம்."
"மும்மாறு பதினெட்டு. கௌரவத்தின் விலை தெரிந்துவிட்டது.
எந்தப் பதினெட்டுப் பேர்?
பெயரெழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்திடுகிறேன்."

வெப்பக்குழாய் மட்டும் டொக் டொக்கென்று பேசியது.

நல்லவரா, கெட்டிக்காரரா, எனக்குத் தெரியாது.
இந்தப் போருக்கு ஆதரவாகக் கைதூக்கியவர்தான்,
பின்வரிசையில், பச்சைச் சட்டையில். படம் இருக்கிறது.
அதையும் உரையில் சேர் என்றார்.
சேர்த்தேன். ஆலோசகர்கள் நீக்கினார்கள்.
சேர்த்தேன். நீக்கினார்கள்.
கடைசியில் தன் கையாலேயே ஓரத்தில் எழுதிக்கொண்டார்,
கோணல் எழுத்தில்.

அப்பா காரக்கெட் கரையில் சிங்கி இறால் பிடித்தவராம்.
"கூண்டைக் கடலில் போட யாருக்கும் தெரியும்.
காற்று முற்றினால் கயிற்றை அறுத்துவிட்டு
வீடு திரும்பவும் தெரியும்.
அறுந்த கூண்டு சும்மா கிடக்காது.
கடலடியில், யாருக்கும் இல்லாமல்,
ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும்."

கயிறு என்று அவர் சொன்னது இருநூற்றுப் பன்னிரண்டு பேரை.
எங்கள் படைக்கு மொழிபெயர்த்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள்,
முகாமுக்குக் கிணறு வெட்டிய ஸார்யாலை,
அவருடைய நான்கு பெண்கள்.
அவர்கள் விமானம் ஏறும்வரை அறிவிப்பு இல்லை.
அதற்கு ஒன்பது நாள் வேண்டும்.

ஒன்பது இரவும் நான் நன்றாகத் தூங்கினேன்.
அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் நாள், ஒரு மலைப்பாதை வளைவில்,
கேப் பிரிட்டன்காரன் லாக்லன் மக்இசாக்.
இருபத்து மூன்று வயது.

முடிவெடுத்த அன்றே சொல்லியிருந்தால் லாக்லன் இருப்பான்.
ஸார்யாலையின் பெண்கள்?
இந்தக் கணக்கை உறை பின்பக்கம், துடைக்கும் தாளில்,
எத்தனையோ முறை போட்டுவிட்டேன்.
மீதி வருகிறது. எப்படிப் போட்டாலும்
மீதி வருகிறது.

உரையில் அவன் பெயரைச் சொன்னார்.
வீண் என்று சொல்லவில்லை,
வீணில்லை என்றும் சொல்லவில்லை.
வெற்றி, தோல்வி இரண்டுமே உரையில் இல்லை என்று
மறுநாள் பத்திரிகைகள் கண்டுபிடித்தன.
அவன் தாய் தொலைபேசியில் கேட்டாளாம்: "எதற்காக?"
இணைப்பு பதினோரு நிமிடம் இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது.
பேசியதன் சுருக்கம் என்ற கட்டத்தில்
எழுத ஒன்றும் இல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

ட்ரென்டன் விமானத் தளத்திலிருந்து சவ வண்டி வரும் சாலை.
கோபர்க் மேம்பாலத்தில் பொடிப்பனி.
கேமரா வேண்டாம் என்றிருந்தார்.
தீயணைப்பு வண்டியின் மேல் நான்கு பேர்,
கம்பியோரம் ஊர்க்காரர்கள், கையில் கொடிகள்.
யாரும் கைகொடுக்கவில்லை.
யாரும் திட்டவும் இல்லை.
தூரத்தில் விளக்குகள் தெரிந்தபோது
கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண்,
ஆளைப் பார்த்தும் பார்க்காமலும்,
"கொஞ்சம் நகருங்கள்.
கீழே வருபவர்களுக்குக் கொடி தெரியாது" என்றாள்.

நகர்ந்து நின்றார்.