கறுப்பு வெள்ளை மட்டும்

நான்தான் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.
ஜனவரி ஏழு, காலை ஒன்பதரை.
வட நார்வேயில் அது நடுராத்திரி மாதிரி இருட்டு.
நிதிப்பிரிவு ஓஸ்ஹில்ட் பில்லை மேசைமேல் வைத்து
விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்:
ஒரு வண்ணப் பக்கத்தின் விலையில்
எட்டுக் கறுப்புப் பக்கம்.
எட்டை எதிர்த்து யார் பேசுவது?

அமைப்புகள். நிறம். எல்லாப் பயனர்களுக்கும்.
நாற்பத்து மூன்று கணினிகள், ஒரே சொடுக்கு.
நகராட்சி முழுக்கச் சாம்பல் பூத்தது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.
மழலையர் பள்ளி அறிவிப்பில்
பத்து மீனும் ஒரே மீன் ஆயின.
துறைமுகத்து இங்வால்ட் தன் வட்டப் படத்தை நீட்டி
"இதில் காட் எது, ஹெர்ரிங் எது, சொல்லு பார்க்கலாம்" என்றான்.
சொல்ல முடியவில்லை.
பேனாவால் அம்புக்குறி போட்டுக்கொண்டு போனான்,
போகிற போக்கில் பிரிண்டருக்கு ஓர் உதை.

இருபத்தொன்றாம் தேதி.
மூன்று நாளாகப் பனி கொட்டி
மலை முதுகில் சுமை ஏறியிருந்தது.
ராக்ன்ஃப்ரிட் வரைபடத்தை ஆறு பிரதி எடுத்தாள்,
வீடு வீடாகப் போகிற ஆறு பேருக்கு.
சிவப்பு: இப்போதே கிளம்பு. பச்சை: இருந்துகொள்.
தாள்கள் சூடாக வந்தன, கோணாமல், கசங்காமல்.

யாரும் தப்பாக எதையும் செய்யவில்லை.
சிவப்பைச் சாம்பலாக்கினால் என்ன சாம்பலோ
பச்சையைச் சாம்பலாக்கினாலும் அதுவே.
மூலையில் குறிப்பும் இருந்தது: இரண்டு சதுரங்கள்,
இரட்டைப் பிள்ளைகள் போல,
பக்கத்தில் சிவப்பு என்றும் பச்சை என்றும்
அழுத்தமாக.

மேட்டுத் தெரு மூன்றாம் எண்ணிலிருந்து போன்.
பெண் குரல், பின்னால் நாய் குரைப்பு.
"உங்கள் ஆள் வாசலில் நிற்கிறார்.
என்னைப் போகச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா?
அவருக்கே தெரியவில்லை."

ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டோம்.
ஓடிப்போய் டிக்கை எடுத்தேன்.
பிரிண்டர் யோசித்தது,
யோசிக்கும்போது அதற்கு ஒரு விளக்கு மட்டும் சிமிட்டும்.
பிறகு திரையில்:
மஞ்சள் தீர்ந்தது.
நவம்பர் கடைசியிலிருந்து சூரியனைப் பார்க்காத ஊரிடம்
இதைச் செய்தி என்று சொல்கிறது.
புது மஞ்சள் வியாழக்கிழமைப் படகில்.
இது செவ்வாய்.

மழலையர் பள்ளிக்கு ஓடியவள் ஓஸ்ஹில்ட்தான்,
கோட்டுக்கூடப் போடாமல்.
மெழுகுக் கிரேயான் டப்பாவோடு வந்தாள், தலையெல்லாம் பனி.
நகலெடுக்கும் அறைத் தரையில் குப்புறப் படுத்து
திரையைப் பார்த்துப் பார்த்து
வீடுகளுக்கு நிறம் கொடுத்தோம்,
நான், அவள், ராக்ன்ஃப்ரிட், கொஞ்சம் தாமதமாக இங்வால்ட்.
சிவப்புதான் முதலில் முறிந்தது.
துண்டைப் பிடித்துத் தேய்த்தோம், நகம் தாளில் பட.
எட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேட்டுத் தெரு மூன்று: சிவப்பு.
நாயும் வந்தது, பள்ளி ஜிம்மில் படுத்துக்கொண்டது.

மலை அன்றிரவு இறங்கவில்லை.
பதினோரு நாள் கழித்து இறங்கியது, ஆளில்லாத பக்கமாக,
ஓர் ஆட்டுக்கொட்டகையை அள்ளிக்கொண்டு கடலுக்குள்.
வெள்ளைக்கென்று ஒரு குப்பி எங்கள் பிரிண்டரில் இல்லை;
தாளைத் தொடாமல் விட்டால் அதுதான் வெள்ளை.

டிக் இப்போதும் இருக்கிறது, நாற்பத்து இரண்டு பேருக்கு.
ராக்ன்ஃப்ரிட் மட்டும் விலக்கு.
பிப்ரவரிக் கணக்கில் அவள் பெயருக்கு நேரே
வண்ணப் பக்கம் ஒன்று, வெள்ளி மாலை, நாலு பத்து.
கேட்டேன்.
மீன்கள், என்றாள். பள்ளிக்கூடத்து மீன்கள்.