நியூட்ரல்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
பதினெட்டு அறை லாட்ஜ்.
ராத்திரி மேசை என்னுடையது.
தயாளன் என்ற பெயர் வாயில் நுழையாமல்
வங்காளத்துக்காரர்கள் தாதா என்பார்கள்.
வேலூரில் அந்தச் சொல்லுக்குக் கத்தி வேண்டும்.
என்னிடம் இருந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்று போர்டு.
மிக்சி, கெட்டில், டேபிள் ஃபேன் வாடகைக்கு.
தீய்ந்தால் முந்நூற்றைம்பது
அட்வான்சில் கழியும்.

தீய்ந்தன.
தூக்கிப்போட மனம் வராமல்
ஒரு மிக்சியைப் பிரித்தேன்.
கப்ளரை எல்லா மரையும் போல இடப்பக்கம் திருக,
இறுகியது. இன்னும் திருக,
உடைந்தது.
அது எதிர்மரை,
வலப்பக்கம் திருகினால்தான் கழலும்
என்று தெரிந்துகொள்ள நாற்பது ரூபாய்.
திரும்ப மாட்டியபோது ஒரு வாஷர் மிச்சம்.
மிக்சி ஓடியது.
வாஷர் இன்னமும் கல்லாவில் இருக்கிறது,
எதற்கென்று எனக்கும் தெரியாது, மிக்சிக்கும் தெரியாது.

பிறகு நூறு வாட் பல்பு ஒன்றை சீரிஸில் கட்டினேன்.
பளீரென்று எரிந்தால் ஷார்ட்.
எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது.
மங்கலாய் எரிந்தால் பிழைக்கும்.
காலையில் ரிப்போர்ட் வாங்கவேண்டியவர்கள்
தூக்கம் வராமல் படியில் உட்கார்ந்து
அந்த பல்பையே பார்ப்பார்கள்.
மங்கலாய் எரிந்தால்,
யாருடைய மிக்சியோ,
ஒரு பீடி பற்றவைப்பார்கள்.

சித்திரை வந்தது. கோட்டை அகழித் தண்ணீரே சுடும் வெயில்.
இரண்டாம் மாடி ஃபேன் எல்லாம் சொங்கி.
கண்டென்சர் போயிருக்கும் என்று
லாங்கு பஜாரில் ஆறு வாங்கி மாற்றினேன்.
அப்படியேதான் சுற்றின.
திருப்பிக் கொடுக்கப் போனால்
விற்ற பொருள் எடுக்கமாட்டோம் என்ற கடைப்பெண்
பில் எழுதிக்கொண்டே கேட்டாள்:
"ஃபேனையே பாத்துகினு கீறியே,
கரண்டப் பாத்தியாண்ணா?"

அன்று ராத்திரி மீட்டரோடு ஏறினேன்.
இரண்டாம் மாடியில் நூற்றைம்பது.
முதல் மாடியில் இருநூற்று எழுபது.
கீழே மெயின் பெட்டிக்குள்
நியூட்ரல் கம்பி கறுத்துப்போய்
பிடிப்பில்லாமல் சும்மா நின்றிருந்தது.
மெயினை இறக்கினேன்.
இருட்டில் யாரோ தாதா என்று கத்தினார்கள்.
சுரண்டி, முறுக்கி, இறுக்கி, ஏற்றினேன்.
மேலே ஏதோ ஒரு அறையில்
காலண்டர் சுவரில் படபடவென்று அடித்தது.

சந்தோஷம் ஐந்து நிமிஷம் இருந்தது.
பிறகு ரிஜிஸ்டரை எடுத்தேன்.
முதல் மாடி, தீய்ந்த கெட்டில் ஒன்பது.
தண்ணியில்லாம போட்டிருப்பே என்று
ஒவ்வொருவரிடமும் நான்தான் சொன்னேன்.
நான்தான் கழித்தேன்.
முதலாளி கஜபதி சிரித்தார்.
"எல்லாம் ரயிலேறி எவ்ளோ நாளாச்சு.
ஒரு கெட்டிலுக்கு
காட்பாடி திரும்பி வருவானா எவனாவது?"

மாசம் ஒருத்தருக்கு, என் சம்பளத்தில்,
என்று வைத்துக்கொண்டேன்.
பதினொன்றாம் அறை, நிமாய் மண்டல், பாங்குரா.
என் இந்தி ஒரு கைப்பிடி:
தாதா, கெட்டில், ஆப்கா கல்தி நஹி.
எந்தக் கெட்டில் என்றார்.
நியூட்ரல் என்றேன்.
நியூட்ரல்,
என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தவர்
ஏதோ டெஸ்டின் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ,
அச்சா ஹை? என்று கேட்டார்.
அச்சா என்றேன்.

அவர் மனைவியைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
இரண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தோம்.
அவர் பக்கம் ஒரு டேபிள் ஃபேன் ஓடியது.
கர்... கர்...
புஷ் காய்ந்திருக்கிறது.
ரெண்டு சொட்டு விட்டால் போதும்.

எண்ணெய்க்கு இந்தியில் என்ன?