தெம்ப், அதை ஒட்டி ஒரு நட்சத்திரம்

ஜூலையில் புந்தா அரேனாஸில்
பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்கு முன் ஜன்னலைப் பார்த்தால் இருட்டு,
திரையைப் பார்த்தால் கேள்விக்குறிகள்.

முந்நூற்றுப் பதினாறு.
எண்ணினேன், வேறு வேலை இல்லாதவள் போல.
ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் ஒன்று.
இது யார், இது யார் என்று
வாசலை மறித்துக் கேட்கும் பட்டியல்.
பாதி, தொகுப்பான் மென்று துப்பியவை.
பாதி, எடிட்டர் உரித்துப் போட்ட சட்டைகள்,
பெயரின் கடைசியில் நெளிகிற வாலோடு.
யெர்கோ உண்மையில் திருத்திய கோப்பு
இதற்குள் எங்கோ,
கஞ்சிக்குள் விழுந்த சட்டைப் பொத்தான்.

ஆகவே எழுதினேன். தெம்பாகவே எழுதினேன்,
கண்டுகொள்ளாதே என்கிற கோப்பில் ஒரு வரி:
தெம்ப், அதை ஒட்டி ஒரு நட்சத்திரம்.
தற்காலிகம் என்பதை
எங்கள் ஸ்பானியத்தில் முழுதாக அடிக்கச் சோம்பல்.
மிச்சத்தை நட்சத்திரம் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது.
பட்டியல், நாய் நக்கிய தட்டு.
நடுவில் யெர்கோவின் கோப்பு மட்டும்.
"நோல்ஃபா, உனக்குச் சிலை வைக்கலாம்" என்றான்.
காப்பி வாங்கித் தந்தான், சர்க்கரை மறந்து.

தெம்ப் என்று தொடங்குபவை
எங்கள் மொழியில் எத்தனை!
தெம்பெராத்தூரா. வெப்பநிலை.
அது முன்பே பதிவேறியிருந்தது;
பதிவேறியதை நட்சத்திரம் தொடாது.
அதனால்தான் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.
ஆகஸ்டில் நான் புதிதாகத் தொடங்கியவை இரண்டு:
தெம்போரால். புயல்.
தெம்பானோ. மிதக்கும் பனிப்பாறை.
கோப்புப் பெயரில் உயிரெழுத்தின் தலைமேல்
கோடு போடும் வழக்கம் எங்களுக்கில்லை.
போட்டிருந்தால் பனிப்பாறையாவது தப்பியிருக்கும்.

ஏழு வாரம்
போர்வெனீர் துறை அனுப்பிய காற்றெல்லாம்
என் ஒரு கணினிக்குள் மட்டும் வீசியது.
மாலைதோறும் கேட்பேன்: ஏற்ற வேண்டியது ஏதும் உண்டா?
ஒன்றுமில்லை, சுத்தம், என்னும்.
பொய்யில்லை.
பார்க்காதே என்றேன், பார்க்கவில்லை.

செப்டம்பர் பதினேழு. விடிந்தால் தேசியத் திருநாள்.
தெருவெங்கும் வறுத்த வெங்காய வாசம்.
வட்டு இரண்டு முறை கரகரத்து நின்றது.
போகட்டும், எல்லாம் களஞ்சியத்தில் இருக்கிறதே
என்று நான் சிரித்தது
இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொரு கணினியில் இறக்கினேன்.
வெப்பநிலை வந்தது. வரைபடங்கள் வந்தன.
எவனோ எப்போதோ சேர்த்த பூனைப் படம்கூட வந்தது.
புயலே அடிக்காத ஒரு குளிர்காலம்,
பனியே மிதக்காத தெற்குக் கால்வாய்கள்.

யெர்கோ ஒன்றும் சொல்லவில்லை.
விடுமுறை முடிந்து வந்தபோது
கூடவே அவன் மைத்துனி டான்கா,
போர்வெனீர் படகின் இரண்டாம் அதிகாரி,
ரொட்டிப் பையில் சுற்றிய குறிப்பேட்டோடு.

அவள் படித்தாள். நான் அடித்தேன்.
ஆகஸ்ட் ஒன்பது. மேற்குக் காற்று, ஐம்பத்தைந்து நாட்.
சமையல்காரருக்கு வாந்தி.
ஆகஸ்ட் பத்து. பயணமில்லை.
ஓரத்தில் ஒரு தொலைபேசி எண்,
மூன்று முறை அடித்து
நான்காம் முறை திரும்ப எழுதியது.
பதினான்கு. இடப்பக்கம் பனித்துண்டு,
அடுப்பு அளவு. இல்லை, இரண்டு அடுப்பு.

"வாந்தியையுமா அடிக்கட்டும்?" என்றேன்.
டான்கா நிமிர்ந்து பார்த்தாள்:
"அன்றைக்குக் காற்று எப்படி என்று
உன் எண் சொல்லுமா?"

வாந்திக்கு ஒரு நெடுவரிசை திறந்தேன்.
தொலைபேசி எண்ணைக் கேட்கவில்லை.
அவளும் படிக்கவில்லை.

நட்சத்திரத்தை அழித்தபோது
முந்நூறும் திரும்பி வந்து வாசலில் நின்றன.
ஒவ்வொன்றாய்ப் பெயரை முழுதாக அடித்து
ஒரு வாரம் அனுப்பினேன்.
விரல் வலித்தது.

இன்று காலை மிச்சம் இரண்டு.
என்னவென்று எனக்கும் தெரியவில்லை,
யெர்கோவுக்கும் தெரியவில்லை.
தூண்டில் முள் போல வளைந்து
முன்னால் ஒரு கேள்விக்குறி, கீழே இன்னொன்று.

இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.