ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

குடியாத்தத்தில்
கோட்டாட்சியர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் என் ஜெராக்ஸ் கடை.
ஏப்ரல் வெயிலில்
மெஷினுக்கும் எனக்கும் ஒரே ஃபேன்.

இந்தத் தடவை ஏகாம்பரம் இரண்டு பேர்.
பெரிய கட்சியில் ஏ. ஏகாம்பரம்,
சுயேச்சையாய் கோ. ஏகாம்பரம்.
ஆபீஸ் பலகையில் எல்லோருடைய பிரமாணப் பத்திரமும் தொங்குகிறது.
வக்கீல் குமாஸ்தா எடுத்ததில்
ஏ. ஏகாம்பரத்தின் நகல் ஒன்று
என் மேசையில் தங்கிவிட்டது.
இருபத்தாறு பக்கம், ஐம்பத்திரண்டு ரூபாய்.
முழுசாய் இதுவரை யாரும் கேட்டதில்லை.

தறிக்காரர் தெய்வசிகாமணிக்குக் கடன் பக்கம் மட்டும்.
"எனக்கு இல்லேன்ன பேங்க்கு
இவனுக்கு எவ்ளோ குடுத்துகீது, பாக்கணும்."
தீப்பெட்டி கம்பெனி கோடீஸ்வரிக்கு
மனைவி பேரில் இருக்கும் நகை.
கிராமை விரல் மடக்கிச் சவரனாக்கி
சிரித்துக்கொண்டே போனாள்.
புளிமண்டிக்காரர் ஒருவர் கடைசிப் பக்கம் கேட்டார்,
கையெழுத்துக்காக.
"சீட்டுப் பணம் வாங்கிக்கினு போட்டானே, அதேதானா?"
ரொம்ப நேரம் பார்த்தார்.
மடித்துப் பையில் வைத்தார்.
அதேதானா என்று சொல்லவில்லை.

நான் மட்டும் யோக்கியமா.
ஞாயிற்றுக்கிழமை, கோ. ஏகாம்பரம் விலகிவிட்டார் என்று
செல்லில் வந்ததை
தாளிக்கிற கரண்டியோடு
நாற்பத்தொரு பேருக்குத் தள்ளிவிட்டேன்.
கடுகு வெடிக்கக்கூட இல்லை.
இரண்டு நாள் கழித்து அவரே வந்தார்.
"நூறு காப்பிம்மா, நோட்டீஸ், கொஞ்சம் சீக்கிரம்."
எப்படிக் கேட்பது, நீங்கள் விலகவில்லையா என்று?
பத்து ரூபாய் குறைத்து வாங்கினேன்.
நாலு பேருக்குத் திருத்தி அனுப்பினேன்.
மற்றவர்களிடம் வெட்கமாக இருந்தது.

நேற்று பொழுது சாய
பீடி எண்ணிக் கொடுத்த கையோடு ஷமீமா வந்தாள்.
"வழக்கு பக்கம் குடுக்கா."
என் மெஷினில் டிரம் தேய்ந்திருக்கிறது,
தாளின் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு விழும்.
கல்யாணப் பத்திரிகையில் யாரும் கண்டுகொள்வதில்லை.
இதில் அது
என்ன குற்றம் என்கிற வரிமேலேயே விழுந்திருந்தது.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
அப்புறம் என்னை.
"எவ்ளோ குடுத்தாங்க?"
"டிரம்முடி. புதுசு ஆயிரத்தி எறநூறு."
மேசை நகலைக் காட்டினேன்.
அதிலும் அதே கோடு,
அதையும் பெற்றது இந்த மெஷின்தானே.
பேனாவை எடுத்தேன், விட்ட வரியை எழுதித்தர.
முன்னே படித்தது ஞாபகம் இருக்கிற மாதிரிதான் இருந்தது.
மூடி வைத்தேன்.
மாதிரியை எழுதிக் கொடுக்கவா?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினோம்.
வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு நின்றார்.
கம்பி வலைக்குள் விரல் விட்டுப் பக்கம் தள்ளி,
செல் டார்ச்சில்
எழுத்துக்கூட்டிப் படித்தாள் ஷமீமா:
ஆற்று மணல். அனுமதியின்றி. நிலுவையில்.
அவள் வீடு கவுண்டன்யா ஆற்றங்கரை.
ராத்திரி லாரிச் சத்தம் அவளுக்குத் தெரியும்.
ஒன்றும் பேசவில்லை.

"இன்னொரு ஏகாம்பரத்துது எங்கக்கா?"
பலகையின் கடைசியில்.
வழக்கு இல்லை. கடன் இல்லை. நிலம் இல்லை.
பக்கம் பக்கமாய் இல்லை.
"எல்லாமே இல்லைன்னா, நல்லவனா, எழுதாம வுட்டவனா?"
எனக்குத் தெரியவில்லை.
வாட்ச்மேன் விசில் ஊதினார்.

இரண்டு ரூபாயை மேசையில் வைத்தாள்.
வேண்டாம், தாள் கெட்டுப்போச்சு என்றேன்.
"எட்த்துக்கோ. டிரம்முக்கு."

மீதி முப்பத்தேழு பேருக்கும் ராத்திரி எழுதினேன்:
அவர் விலகவில்லை.
அன்றைக்கு நான் பார்க்காமல் அனுப்பினேன்.
உடனே ஒரு பதில்:
இத மட்டும் எப்டி நம்பறது?

நம்பாதே என்று அடித்தேன்.
ஆபீஸ் கேட் பத்து மணிக்குத் திறக்கும்.
டார்ச் எடுத்துக்கினு வா,
பலகைமேல் அந்த மரத்து நிழல்.